ஸ்டெல்லா மூன்று முறை கை கழுவினாள்

1

இங்கே லண்டனுக்கு வடக்கே, லெஸ்டரில் என் கடை காலை ஏழு மணிக்குத் திறக்கும். முப்பத்தொரு வருடத்தில் அது ஏழு ஐந்தாக ஆனது கிடையாது. பனி முழங்கால் வரை விழுந்த நாளில்கூட மண்வாரியால் வழி உண்டாக்கிக்கொண்டு போய்ப் பூட்டைத் திறந்தவன் நான். மூன்று லாண்டரிக் கடைகள், இரண்டு வேன்கள், நான்கு ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள். எல்லாம் இந்த ஐந்தாம் வகுப்புக்காரன் உண்டாக்கியது. என்னிடம் வேலை செய்கிறவர்களில் இரண்டு பேர் பட்டம் வாங்கியவர்கள். சட்டையில் ஒயின் கறை பட்டால் எப்படி எடுப்பது என்று அவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பெருமைக்குச் சொல்கிறேனா என்றால், ஆமாம், பெருமைக்குத்தான். எனக்காக வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

போன செவ்வாய்க்கிழமை அந்தக் கடையை ஒன்பதரைக்குத் திறந்தேன். வாடிக்கைக்காரர்கள் மூன்று பேர் மழையில் நின்றிருந்தார்கள். உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று ஒருவர் கேட்டார். ஒன்றுமில்லை, ஊருக்கு ஒரு போன் பேச வேண்டியிருந்தது என்றேன். அதற்கு மேல் அவரிடம் என்ன சொல்வது? சென்னையில் இருக்கிற உங்களுக்குச் சொல்கிறேன். பட்டினப்பாக்கத்தில் ஸ்டெல்லா என்று ஒன்பது வயதுப் பெண். நான்காம் வகுப்பு. நல்ல பழக்கம் சொல்லித்தருகிறேன் என்று நான் அவள் வகுப்புக்குப் போனேன். அவள் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டாள்.

2

இது தொடங்கியது இங்கேதான், என் பேத்தியின் பள்ளியில்.

பேத்தி பெயர் நிலா, ஏழு வயது. தமிழ் சொன்னால் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். தெருவில் நான் சத்தமாகத் தமிழ் பேசினால் என் கையைப் பிடித்து மெல்ல இழுப்பாள். அவள் அப்பன், என் மகன், இன்னும் மோசம். அவன் தமிழில் சொல்கிற ஒரே வார்த்தை 'அப்பா'. அதையும் பணியாளைக் கூப்பிடுகிற மாதிரி சொல்வான்.

தாத்தா பாட்டிகளை ஒருநாள் வகுப்பில் வந்து உட்காரச் சொல்லி நிலாவின் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. சும்மா போய் உட்கார முடியாது. எட்டுப் பக்கப் படிவம், பாஸ்போர்ட் நகல், கரண்ட் பில், அதற்கு மேல் போலீஸ் சான்றிதழ். என் பேத்தியை நான் பார்ப்பதற்குப் போலீஸ் எதற்கு என்று ஆபீஸ் பெண்ணிடம் சண்டை பிடித்தேன். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு படிவம் கொடுத்தாள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் மயிலாப்பூர் என்று எழுதினேன். நாற்பது வருடமாக எல்லாப் படிவத்திலும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். கை தானாகப் போய்விடும்.

ஆறு வாரம் கழித்து அனுமதி வந்தது. வகுப்பில் பழுப்புக் காகிதத்தில் பெரிய மரம் ஒன்று ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு வேண்டிய ஒரு நல்ல பழக்கத்தைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். அதைச் செய்த நாளில் தானே ஒரு பச்சை இலையை மரத்தில் ஒட்டலாம். ஒருவன் படுக்கையை மடிப்பது என்று எழுதியிருந்தான். 'தாத்தா பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்பேன்' என்பது நிலாவின் பழக்கம். நாலு இலை ஒட்டியிருந்தாள்.

"நாலு நாள் எங்கே கேட்டாய்?" என்று அங்கேயே கேட்டுவிட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. பிள்ளைகள் உண்மையாகச் செய்தார்களா என்று யார் பார்ப்பது என்று டீச்சரிடம் கேட்டேன். யாரும் பார்ப்பதில்லை, செய்தோமா இல்லையா என்பது அவரவருக்குத் தெரியும் என்றார் அவர். சரியான ஏமாளிகள் என்று நினைத்துக்கொண்டேன். மரம் நல்ல யோசனைதான், சோதனைதான் இல்லை, நான் செய்தால் ஒழுங்காகச் செய்வேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

3

பொங்கலுக்குச் சென்னை வந்தேன். வருடம் தவறாமல் இரண்டு மாதம் அடையாறு ஃப்ளாட்டில் இருப்பேன். மனைவிக்கு முழங்கால் வலி, இரண்டு வருடமாக வருவதில்லை. தனியாக வந்து முதல் ஒரு வாரம் உளறுவதுதான் வேலை. ஆட்டோக்காரர் கதவோரம் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னதற்கு ஸாரி என்றேன், இறங்கும்போது ரெண்டு முறை தேங்க் யூ என்றேன். "இன்னா பெரியவரே, கலாய்க்கிறியா?" என்றார்.

நான் ஐந்தாவது வரை படித்த பள்ளி சாந்தோமுக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. சின்னப் பள்ளி. அதற்கு மின்விசிறி, குடிதண்ணீர் மெஷின் எல்லாம் போட்டுக்கொடுத்தவன் நான். இங்கேதான் படித்தேன், மயிலாப்பூரிலிருந்து தினமும் நடந்து வருவேன் என்று தாளாளரிடம் சொல்லி வைத்திருந்தேன். முதல் பாதி உண்மை.

பழக்க மரம் யோசனையைச் சொன்னதும் அவர் எனக்குச் சால்வை போட்டார். படிவம் கிடையாது, போலீஸ் கிடையாது. சால்வையோடு நேரே நான்காம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டார். இந்தியா இந்தியாதான் என்று அன்றைக்கு மகிழ்ந்தேன். இப்போது நினைத்தால், யாராவது ஒருவர் என்னை வாசலில் நிறுத்தி எட்டுப் பக்கம் கேள்வி கேட்டிருக்கலாம்.

வகுப்பு டீச்சர் வைதேகி. மயிலாப்பூர்க்காரர், பதினெட்டு வருட சர்வீஸ். பிள்ளைகள் சேர்ந்து ஒரு மரம் செய்தார்கள். வாரம் மூன்று நாள், கடைசி பீரியட் எனக்கு. முதல் நாள் விளையாட்டு, நிலாவின் பள்ளியில் பார்த்ததுதான். ஒரு பையன் கையில் மட்டும் சாக்பீஸ் தூளைத் தடவிவிட்டு, எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுங்கள் என்றேன். ஐந்து நிமிடத்தில் வகுப்பு முழுக்க வெள்ளை. கதவில், பையில், மூக்கில்கூட. கிருமியும் இப்படித்தான் போகும் என்றதும் பிள்ளைகள் அப்படியே வாயடைத்துப் போனார்கள். வைதேகி டீச்சரே கை தட்டினார்.

அப்போது இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண், "தண்ணி டம்ளர்லயும் கீது தாத்தா, அத்த மொதல்ல கழுவணும்" என்றாள். அவள்தான் ஸ்டெல்லா. மரத்தின் முதல் இலையை அவளுக்குத்தான் கொடுத்தேன்.

இரண்டு வாரம் நன்றாகப் போனது. தும்மும்போது வாயை மூடுவதை நாடகமாகப் போட்டோம். மாலையில் பெஞ்சுக்கடியில் குப்பை பொறுக்குவதைப் பாட்டாக்கினோம். இலைகள் ஏறின. ஆனால் ஒவ்வொரு இலைக்கும் முன்னால் நான் சோதிப்பேன். நகம் பார்ப்பேன், பையைத் திறந்து பார்ப்பேன். வைதேகி டீச்சருக்கு அது பிடிக்கவில்லை.

"கொழந்தைகளே ஒட்டிக்கட்டுமே சார். நாம எதுக்குக் கண்ணுல வெளக்கெண்ணெ விட்டுண்டு பாக்கணும்?"

சோதிக்காத வேலை வேலையே இல்லை டீச்சர், நான் மூன்று கடை நடத்துகிறவன் என்றேன். தாளாளர் சால்வை போட்ட ஆளிடம் அவர் என்ன பேச முடியும்.

4

சோதனை என்பது என் ரத்தத்தில் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

பதின்மூன்று வயதில் மயிலாப்பூரில் ஒரு லாண்டரியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி முதல் நாளே என் கையை வாங்கி முகர்ந்து பார்த்தார். பட்டுப்புடவை, கச்சேரி ஜிப்பா எல்லாம் வருகிற கடை, இந்தக் கையால் தொட்டால் துணியில் ஏறிவிடும் என்றார். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டு வரச் சொன்னார். அதிலிருந்து தினமும் காலையில் கடை வாசலில் கையை நீட்ட வேண்டும். அவர் முகர்வார். தலையாட்டினால் உள்ளே போகலாம். இல்லையென்றால் திரும்பவும் குழாயடி. அங்கே கற்ற தொழிலால்தான் கப்பல் லாண்டரியில் வேலை கிடைத்தது. கப்பலிலிருந்து லண்டன் ஹோட்டல், ஹோட்டலிலிருந்து சொந்தக் கடை. அந்தக் குழாயடிதான் என்னை ஆளாக்கியது என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். என்ன வாடை என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாவது வாரம் கை கழுவுதல். எல்லோரும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள், ஜோடி ஜோடியாக நின்று ஒருவர் கையை ஒருவர் முகர்ந்து பாருங்கள், சோப்பு வாசனை வந்தால் இலை என்றேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. நாய்க்குட்டி மாதிரி முகர்ந்துகொண்டு சிரித்தார்கள். ஸ்டெல்லாவின் ஜோடி தர்ஷினி என்று ஒரு பெண். அவள் முகர்ந்தாள், மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா, மீன் வாடை அடிக்குது."

வகுப்பு சிரித்தது. ஸ்டெல்லாவும் சிரிக்கப் பார்த்தாள். நான் அவள் கையை வாங்கி முகர்ந்தேன்.

அந்த வாடை எனக்குத் தெரியும். விடிகாலையில் எறா, அதாவது இறால், உரித்த கை. நகக்கண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும், நல்ல சோப்பு ரெண்டு கட்டி தீர்த்தாலும் சாயங்காலம் வரை போகாது. உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். பட்டினப்பாக்கத்தில் என் அம்மாவோடு உட்கார்ந்து பன்னிரண்டு வயது வரை உரித்தவன் நான்.

"இன்னொரு தடவை கழுவிட்டு வாம்மா" என்றேன்.

போனாள், வந்தாள். தர்ஷினி தலையை ஆட்டினாள். மறுபடியும் அனுப்பினேன். மூன்றாவது முறை வந்து நின்றபோது கை சிவந்து பாவாடையெல்லாம் ஈரமாக இருந்தது. நானே முகர்ந்தேன். "நாளைக்கு நல்லா கழுவிட்டு வா, நாளைக்கு இலை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜோடியைக் கூப்பிட்டேன். வைதேகி டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

அடுத்த நாள் ஸ்டெல்லா வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

5

ஒரு வாரம் பார்த்துவிட்டு வைதேகி டீச்சர் அவள் வீட்டுக்குப் போய் வந்தார். பள்ளிக்கூடம் என்றாலே அந்தப் பெண் அழுகிறாள் என்றார். எனக்கு ஊருக்குத் திரும்ப மூன்று நாள்தான் இருந்தது. அவள் அம்மாவிடம் நானே பேசுகிறேன் என்று கிளம்பினேன். கிளம்பும்போது, பேசினால் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். வெள்ளைக்காரனிடமே பேசிக் காரியம் சாதித்தவன் நான்.

அம்மா பெயர் ரோஸி. பட்டினப்பாக்கத்தில் வரிசையாக மீன் கடைகள் இருக்கின்றன, அதில் ஒன்று. சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொல்ல ஆரம்பித்தேன். கத்தியை நிறுத்தாமல், "தெரியும், சொல்லு" என்றாள்.

நல்ல பழக்கம் பற்றியும் சுத்தம் பற்றியும் கொஞ்சம் பேசினேன். குழந்தையின் நன்மைக்குத்தான் என்றேன். முடிக்கும் வரை கேட்டாள்.

"ரெண்டு கடை தள்ளி ஒக்காந்துகினுகீறாரே, அவுரு யாரு?"

திரும்பிப் பார்த்தேன். நரைத்த தலை, லுங்கி. என் அக்கா மகன். முப்பது வருடமாக நான் வந்து பார்க்காத அக்கா மகன். அவன் என்னைப் பார்த்தான், பிறகு குனிந்து ஐஸைக் கொத்த ஆரம்பித்தான்.

"எங்க எல்லாருக்கும் தெரியும் நைனா நீ யார் வூட்டுப் புள்ளன்னு. ஸ்கூலுக்கு ஃபேன் போட்டப்பவே பேசிக்கினோம். போவட்டும், பெரிய மனுசன் ஆயிட்டாரு, நம்மள மறந்துட்டாருன்னு வுட்டோம். அத்த நான் கேக்கல. ஒண்ணு மட்டும் சொல்லு. எம் பொண்ணு கைய மோந்தியே, இன்னா வாடைன்னு ஒனக்குத் தெரியாது?"

தெரியும் என்றேன். மன்னிச்சுக்கம்மா என்றேன்.

"எங்கிட்ட இன்னாத்துக்கு? எங்க சிரிச்சாங்களோ அங்க போய்ச் சொல்லு. அவ கேக்கணும்."

மறுநாள் கடைசி பீரியடுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ராத்திரி படுத்துக்கொண்டு வார்த்தைகளைக்கூடக் கோத்து வைத்திருந்தேன். ரோஸி ஸ்டெல்லாவைக் கூட்டி வந்து வராண்டாவில் நின்றாள். தாளாளரும் என் பிரிவு உபசாரத்துக்கென்று மாலையோடு வந்து உட்கார்ந்துவிட்டார். என்னைப் பற்றி அவர் பேசினார். மயிலாப்பூர் பெற்ற மைந்தர் என்றார். நான் எழுந்தேன். கப்பலில் சலவை செய்த கதை சொன்னேன். பனியில் வழி உண்டாக்கிய கதை சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அரை மணி நேரம் பேசிவிட்டு உட்கார்ந்தேன். வராண்டாவைப் பார்த்தபோது இரண்டு பேரும் போய்விட்டிருந்தார்கள்.

அடுத்த நாள் விமானம் ஏறிவிட்டேன்.

6

இங்கே வந்து ஒரு மாதம். வைதேகி டீச்சருக்குத் தினமும் போன் செய்வேன். ஸ்டெல்லா வந்தாளா? இல்லை. சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் சேர்க்கலாமா என்று ரோஸி கேட்டிருக்கிறாள், பெண்ணோ எந்தப் பள்ளியும் வேண்டாம் என்கிறாளாம். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: போனில் தினமும் அழுவதற்கு, அந்த போனிலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லித் தொலையுங்களேன்.

அதைத்தான் போன செவ்வாய்க்கிழமை செய்தேன். அங்கே மதியம், இங்கே காலை எட்டரை. வீடியோவில் வகுப்பு தெரிந்தது. ரோஸியையும் ஸ்டெல்லாவையும் டீச்சர் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தார். பெண் உள்ளே வர மாட்டேன் என்று மறுபடியும் அதே வராண்டாவில் நின்றாள். இந்தப் பக்கம் சமையலறை மேஜையில் நிலா பள்ளிக்குக் கிளம்பித் தட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். அவளை வேறு அறைக்கு அனுப்பலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், அனுப்பவில்லை.

சொன்னேன். நான் மயிலாப்பூர் இல்லை, பட்டினப்பாக்கம். என் அம்மா மீன் விற்றாள். என் கையிலும் அந்த வாடைதான் அடித்தது. ஸ்டெல்லா கையை முகர்ந்தபோது அது என்னவென்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே அவளை மூன்று முறை அனுப்பினேன். அவள் நன்றாகத்தான் கழுவினாள். தப்பு செய்தது நான். வீட்டில் அம்மாவுக்கு வேலை செய்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறவளுக்கு நான் என்ன பழக்கம் சொல்லித்தர முடியும்.

இந்த முறை யாரும் கை தட்டவில்லை. தர்ஷினி அழுகிற மாதிரி இருந்தாள். டீச்சர் போனை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போனார். திரையில் ஸ்டெல்லாவின் பாதி முகம் வந்தது.

"தாத்தா, உங்க கையில அது எப்ப போச்சு?"

மீனைத் தொடுவதை விட்ட பிறகு ரெண்டு மாதத்தில் போய்விட்டது என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"அப்ப நான் அம்மாகூட எறா உரிக்கக் கூடாதா?"

எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் நான். இன்ஸ்பெக்டர் கேட்டாலும் வங்கி மேனேஜர் கேட்டாலும் நின்றதில்லை. இதற்கு நின்றேன்.

"உரி கண்ணு. உரிச்சிட்டு அப்படியே ஸ்கூலுக்கு வா" என்றேன். நாற்பது வருடமாக வாயில் வராத பேச்சு தானாக வந்தது. "நானும் அப்டிதான் வந்துகினு இருந்தேன்."

"சிரிப்பாங்க."

அதற்குள் ரோஸி போனை வாங்கிக்கொண்டாள். மகளின் கையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து வெளுத்திருந்தது.

"தோ பாரு. காலைல நாலு வாட்டி சோப்பு போடறா. சாப்புட ஒக்காந்தா எந்திரிச்சிப் போயி மறுபடி போடறா. நீ குடுத்த பழக்கம்தான். இத்த எப்டி வுட வெக்கிறது, அத்தையும் சொல்லிட்டு வெய்யி."

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் "சரி" என்று சொல்லிவிட்டு போனை டீச்சரிடம் கொடுத்தாள்.

நிலா என்னிடம் எறா என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். நீங்கள் அதை உரித்தீர்களா என்றாள். ஆமாம், தினமும் என்றேன். எப்படி உரிப்பது என்று இரண்டு கையாலும் செய்து காட்டச் சொன்னாள். காட்டினேன். அதில்தான் பள்ளிக்கும் நேரமாகிவிட்டது, கடைக்கும் நேரமாகிவிட்டது. சாயங்காலம் மகன் வந்து, நாற்பது வயதில் இதை என் மகள் வாயால் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்றான்.

வியாழக்கிழமை ஸ்டெல்லா பள்ளிக்கு வந்தாள். டீச்சர் போன் செய்து சொன்னார். தர்ஷினி நகர்ந்து தன் பக்கத்திலேயே அவளுக்கு இடம் விட்டாளாம். இனிமேல் பிள்ளைகளே இலையை ஒட்டிக்கொள்ளட்டும், யாரும் சோதிக்க வேண்டாம் என்று டீச்சர் வகுப்பில் சொல்லிவிட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இன்னும் ஏதாவது சொல்லுங்கள் டீச்சர் என்றேன்.

"வந்துட்டா சார், அதுவரைக்கும் நல்லது. ஆனா ரெண்டு கையையும் பெஞ்சுக்கடியில வெச்சுண்டே உக்காந்திருக்கா. கேள்வி கேட்டா பதில் அவளுக்குத் தெரியறது, ஒதடு அசையறது. கையைத் தூக்க மாட்டேங்கறா."

அதிலிருந்து நான் டீச்சரிடம் வேறு எதுவும் விசாரிப்பதில்லை. இன்றைக்குக் கை தூக்கினாளா என்று மட்டும் கேட்கிறேன். இதை எழுதுகிற இன்று காலையும் கேட்டேன். இன்னும் இல்லை என்றார்.